ஆல்பா சென்டாரி

தென்வானில் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள இரட்டை விண்மீன். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் இதுதான். தொலைவு சுமார் 4.37 ஒளியாண்டு. சூரியனைப் போன்ற மஞ்சள் நிற 'ஏ' விண்மீனும் அதைவிடச் சிறிய, சற்றே செம்மஞ்சளான 'பி' விண்மீனும் ஒன்றையொன்று ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே புள்ளி.

காரைக்கால் மாவட்டத்து நெரவியில் ஆனி பிறக்கும் நாட்களில், இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே நின்று பார்க்கலாம். கையை நீட்டி விரித்த ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், அதாவது அடிவானத்துக்கு மேல் 18 பாகையில், ஆல்பா ஒளிரும். அதற்கு மேற்கே சற்று மங்கலாகப் பீட்டா சென்டாரி. இரண்டையும் இணைக்கும் கோட்டை மேலும் நீட்டினால் தென்சிலுவை. இந்த ஆல்பா-பீட்டா இணையைத்தான் இரட்டை விண்மீன் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையான இரட்டை ஆல்பாவுக்குள் இருக்கிறது, தொலைநோக்கி இல்லாமல் பிரியாது.

அதை முதன்முதலில் பிரித்துப் பார்த்தது இதே கடற்கரையில், புதுச்சேரியில். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1687இல் சயாமுக்கு அனுப்பிய இயேசு சபைக் கணிதவியலாளர்களுள் ழான் ரிஷோ அடிகளும் ஒருவர். மறு ஆண்டே அங்கு ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து பிரெஞ்சுக்காரர் விரட்டப்பட, அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில், விடிவதற்கு முன் தோன்றிய ஒரு வால்மீனை 12 அடித் தொலைநோக்கியால் கவனித்துவந்த நாட்களில், ஆல்பா சென்டாரி இரண்டாக இருப்பதைக் கண்டு குறித்துவைத்தார். அவருடைய குறிப்புகள் 1692இல் பாரிசில் அச்சேறின. நெரவி உள்ள காரைக்கால் பகுதி அப்போது தஞ்சை மராத்தியர் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றது 1739இல்.

வால்மீனைக் கவனித்தவர் கண்ணில் தற்செயலாகப் பட்டது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பாரிசின் அடிவானத்துக்கு மேல் இந்த விண்மீன் எழுவதே இல்லை. அங்கே எவ்வளவு பெரிய கருவி இருந்தும் பயனில்லை. 1651இல் ஜெரமையா ஷேக்கர்லி சூரத்தில் புதன் சூரியனைக் கடப்பதைத் தொலைநோக்கியால் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அது முன்கூட்டியே கணிக்கப்பட்ட நிகழ்வு. இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி கண்ட முதல் புதுச்செய்தி என்ற பெருமை ரிஷோவின் குறிப்புக்கே உரியது. பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் இடம்பெற வேண்டும்.

இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று ரிஷோவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரட்டை விண்மீன்கள் உண்மையாகவே சுற்றுகின்றன என்பதை வில்லியம் ஹெர்ஷல் காட்டியது 1803இல்தான். தாமஸ் ஹெண்டர்சன் 1832-33இல் நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவுகளைக் கொண்டு 1839இல் ஆல்பா சென்டாரியின் தொலைவை வெளியிட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பே வேறொரு விண்மீனின் தொலைவை வெளியிட்டு பெஸல் முந்திக்கொண்டிருந்தார். பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் தலைவரான டபிள்யூ. எஸ். ஜேக்கப், புனேயில் இருந்தபோதே ஆல்பாவின் ஏ-பி இணையை அளந்துவந்தார். 1915இல் ராபர்ட் இன்ஸ் ஜோகன்னஸ்பர்க்கில் மூன்றாவது விண்மீனான பிராக்சிமாவைக் கண்டார். 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இதுவே நமக்கு மிக அருகிலுள்ள தனி விண்மீன். அதைச் சுற்றும் ஒரு கோள் 2016இல் அறிவிக்கப்பட்டது.

ரிஷோ பார்த்த பிறகு ஏ-பி இணை நான்கு முறை சுற்றி முடித்துவிட்டது. வானில் இவற்றின் இடைவெளி 2016இல் வெறும் 4 விகலையாகச் சுருங்கியிருந்தது; 2029வாக்கில் 10 விகலையை எட்டி, மீண்டும் குறுகும். அதுவரை ஒரு சிறிய தொலைநோக்கியே போதும், நெரவியிலிருந்தும் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.