கவளத்தின் அளவு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அவ்வட்டாரத் தமிழர் யானையை இரு நிலைகளில் அறிவர். ஒன்று காட்டு யானை. குளுவாங், மெர்சிங், கோத்தா திங்கி மாவட்டங்களின் காடுகளில் இன்றும் திரிவது. இளஞ்செம்பனையின் குருத்தை நாடித் தோட்டங்களுக்குள் புகுவது. மற்றொன்று கோயில் யானை. தமிழகத்துக்குத் திருத்தலப் பயணம் சென்றோர் கண்டு, அதன் துதிக்கையால் ஆசி பெற்றுத் திரும்புவது. முன்னது பசித்து அலைவது. பின்னது உண்டு கொழுத்து நிற்பது. அலைவதைக் கண்டு இரங்குவதும், கொழுத்து நிற்பதைக் கண்டு மகிழ்வதும் மக்கள் இயல்பு. ஆயின், மனிதன் யானையைப் பேணிய வரலாற்றை நோக்கின், இரக்கத்துக்கு உரியது பல வேளைகளில் பின்னதே என்பது புலப்படும்.

காட்டில் வாழும் யானை ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரத்தை இரை தேடுவதிலும் உண்பதிலும் கழிக்கிறது. புல், தழை, மூங்கில், மரப்பட்டை என நாளொன்றுக்கு 150 கிலோகிராம் அளவில் உட்கொள்கிறது. அவ்வாறு உண்டதில் பாதிக்கும் குறைவான பகுதியே செரிக்கிறது. சத்துக் குறைந்த உணவை மிகுதியாக உண்டு, நெடுந்தொலைவு நடப்பதற்கென அமைந்த உடல் அது. அத்தகைய உடலுக்குச் சோறும் வெல்லமும் பழமும் தேங்காயும் அளித்து, ஓரிடத்திலேயே சங்கிலியிட்டு நிறுத்தினால், கொழுப்புச் சேர்வதில் வியப்பில்லை. எடை மிகுந்தால் மூட்டுகள் நோகின்றன. யானையின் பாதம் விரல்நுனிகளாலும் அவற்றின் பின்னுள்ள கொழுப்பு மெத்தையாலும் ஆனது. கருங்கல் தளத்தில் நாள் முழுதும் நிற்கும்போது நகம் வெடிக்கிறது. பாதம் சீழ் பிடிக்கிறது. கட்டிவைத்து வளர்க்கப்படும் யானைகளை வாட்டும் பிணிகளுள் கால்நோய் முதன்மையானது.

பண்டையோர் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். கௌடலியரின் அர்த்த சாத்திரம் யானைத் தலைவனின் கடமைகளை ஓர் இயலாகவே வகுக்கிறது. யானையின் உருவளவுக்கு ஏற்ப உணவின் அளவு, நாளுக்கு இருமுறை நீராட்டு, முற்பகலில் உடற்பயிற்சி ஆகியன அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன. தமிழகத்திலோ, பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அறிவுரை கூற வந்த பிசிராந்தையார் யானையின் உணவையே உவமையாகக் கொண்டார். சிறு வயலின் விளைவையும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் பல நாளுக்குப் போதும். யானையே வயலில் புகுந்தால் வாயில் புகுவதைவிடக் காலடியில் அழிவது மிகுதி என்பது அப்புறநானூற்றுப் பாட்டின் கருத்து. புலவர் சொல்ல வந்தது வரியைப் பற்றியே ஆயினும், கவளத்தை அளந்து ஊட்டும் வழக்கம் நாடறிந்ததாக இருந்தமையாலன்றோ அவ்வுவமை மன்னனுக்கு விளங்கிற்று!

அதற்காக, அக்காலத்து யானைகள் இன்ப வாழ்வு வாழ்ந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. குழியில் வீழ்த்திப் பிடிக்கப்பட்டவை அவை, தோட்டியின் குத்துக்கு அடங்கியவை, போர்க்களத்தில் மடிந்தவை. எனினும், நடக்க இயலாத யானை படைக்கு உதவாது ஆதலின், அவற்றின் உடல் கட்டுக்குள் வைக்கப்பட்டது. அது அன்பின் விளைவன்று, தேவையின் விளைவு.

ஆங்கிலேயர் ஆட்சியில் யானையின் பணி போரிலிருந்து மரத்துக்கு மாறியது. காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க 1873ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனைமலையிலும் முதுமலையிலும் வனத்துறையின் யானைகள் தேக்கு மரங்களை இழுத்தன. பணி முடிந்ததும் அவை காட்டுக்குள் மேய விடப்பட்டன. பர்மாவின் தேக்குக் காடுகளிலும் இதுவே வழக்கம். மாலையில் கழுத்தில் மணியும் காலில் தளையும் இட்டு யானையைக் காட்டில் விடுவர். விடியலில் பாகன் மணியோசையைக் கேட்டுத் தேடிச் சென்று அழைத்து வருவான். உழைப்புக் கடுமையானதே. ஆயினும் இரவு யானைக்கே உரியதாயிருந்தது.

இதன் பயனை 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எண்களால் காட்டிற்று. ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளில் பிறந்த ஆசியப் பெண்யானைகளின் இடைநிலை வாழ்நாள் 18.9 ஆண்டுகள், பர்மாவின் மரப்பணி யானைகளுக்கோ 41.7 ஆண்டுகள். வேளாவேளைக்கு உணவும் மருத்துவரின் கண்காணிப்பும் பெற்ற யானை, மரம் இழுத்த யானையின் வாழ்நாளில் பாதியைக்கூட எட்டவில்லை. மன உளைச்சலும் உடற்பருமனும் இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

தமிழகக் கோயில் யானையின் நிலை காட்சிச்சாலை யானையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. அதற்குப் போரும் இல்லை, மரப்பணியும் இல்லை. நாளெல்லாம் நின்று, வருவோர்க்கு ஆசி வழங்குவதே அதன் பணி. வருவோர் ஒவ்வொருவரும் ஒரு வாழைப்பழம் மட்டுமே கொடுக்கின்றனர். ஆனால் வருவோர் ஒருவர் அல்லர். கொடுப்பவர் எவரும் குற்றமற்றவரே. அவர்தம் அன்பு யானையின் வயிற்றில் ஒன்றுகூடும்போது பிணியாகிறது.

இதனை உணர்ந்தே 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமை முதுமலைத் தெப்பக்காட்டில் தொடங்கியது. பின்னர், 2012 முதல் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் அது நடைபெற்றது. முகாமுக்கு வந்த யானைகள் எடை பார்க்கப்பட்டன. மிகை எடை கொண்டவற்றுக்கு உணவு குறைக்கப்பட்டது. காலையும் மாலையும் நடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. மண்தரையில் நடக்கவும், தன் இனத்தோடு நிற்கவும் வாய்த்த அந்நாள்கள் ஆண்டில் 48 மட்டுமே. பாரவண்டியில் நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வது யானைக்குத் துன்பம் என்ற மறுப்பும் எழுந்தது. 2021ஆம் ஆண்டில் நடந்த முகாமுக்குப் பின், அடுத்து வந்த ஆண்டுகளில் அது நடைபெறவில்லை.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. அகவை 50ஐக் கடந்த நிலையில் அதன் எடை மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். உணவு திருத்தப்பட்டது, நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்ளப்பட்டது, எடையும் குறைந்தது. எனினும் மூட்டுவலி நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டில் அன்பர்கள் அதன் நான்கு கால்களுக்கும் தோல் செருப்புகள் செய்து அளித்தனர். செருப்பணிந்து நடந்த யானையை ஊரார் வியந்து பார்த்தனர். 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காந்திமதி இறந்தபோது ஊரே திரண்டு கண்ணீர் வடித்தது. அக்கண்ணீர் பொய்யன்று, அச்செருப்பும் பொய்யன்று. ஆனால் காட்டில் பிறந்த எந்த யானைக்கும் செருப்புத் தேவைப்பட்டதில்லை என்பதும் மெய்யே. பிற்காலத்து மருத்துவத்தால் முழுதும் ஈடுசெய்ய இயலாத ஒன்றை, முற்காலத்து நடை தந்திருக்கும்.

மலேசியாவிலும் இப்பாடத்துக்கு இடமுண்டு. விளைநிலங்களில் புகும் யானைகளைப் பிடித்து வேறு காடுகளில் விடுவதற்கென 1974ஆம் ஆண்டில் வனவிலங்குத் துறையின் கீழ் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அப்பணிக்குப் பழக்கிய யானைகள் அஸ்ஸாமிலிருந்து வரவழைக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டில் பகாங்கின் கோல கண்டாவில் யானைப் பாதுகாப்பு நடுவம் தோன்றியது. பள்ளி மாணவர் அங்குச் செல்கின்றனர். யானைக்குத் தம் கையாலேயே பழம் ஊட்டி மகிழ்கின்றனர்.

அம்மகிழ்ச்சியைக் குறை கூறுவார் இலர். ஆயினும், ரெங்கத்திலிருந்து செல்லும் ஒரு மாணவன் பழத்தை நீட்டுமுன், அருகில் நிற்கும் பாகனிடம் இரண்டு வினாக்களைக் கேட்பானாயின் நன்று: இந்த யானை இன்று எவ்வளவு உண்டது? எவ்வளவு தொலைவு நடந்தது? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மனிதனுக்கு வற்புறுத்தியதும் அளவறிந்து உண்பதையே. தன் உணவைத் தானே அளந்து கொள்ள வாய்ப்பில்லாத உயிரைக் கட்டிவைத்தவர்க்கு, அவ்வளவை அறிந்து ஊட்டுதல் இரட்டிப்புக் கடமையாகும்.