வீட்டில் செய்த பீர், கடையில் வாங்கிய பீர்: ஒரே வகைதான், ருசி மட்டும் ஏன் வேற?

தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். பெரிய ஆலைக்கும் இந்த நான்குதான் மூலப்பொருள், உங்கள் சமையலறைக்கும் இதே நான்குதான். ஆனாலும் வீட்டில் செய்த பீரையும் கடையில் வாங்கிய அதே வகை பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. கைப்பக்குவம் போதவில்லை என்று உடனே நினைத்துவிட வேண்டாம். எந்த வகை பீரை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டிலிருந்து வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. ஆனால் வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், விற்கக்கூடாது. நொதிக்க வைப்பதற்குத்தான் அனுமதி. அதைக் காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது சட்டவிரோதம்.

ஆரம்பமே லாகரா?

நம்மில் பலருக்கு பீர் என்றாலே லாகர்தான். 1932இல் அறிமுகமான டைகரிலிருந்து காப்பிக்கடையில் பெரிய போத்தலில் வருபவை வரை பெரும்பாலும் அதே வகை. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களும் "அதே மாதிரி செய்யலாமே" என்று லாகரில் கை வைக்கிறார்கள். ஒப்பிட்டால் தோற்கும் வாய்ப்பு அதிகம் உள்ள வகையும் அதுதான்.

காரணம் வெப்பநிலை. லாகர் ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் வீடுகளிலோ மின்விசிறி ஓடினாலும் 28, 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசர அவசரமாக வேலை செய்யும். பழவாசனை ஏறும், சில நேரம் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹாலும் சேரும். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே போத்தலில் அடைத்துவிட்டால் வெண்ணெய் வாசனையோ பச்சை ஆப்பிள் வாசனையோ தங்கிவிடும். மால்ட் சாற்றைச் சரியாகக் கொதிக்க விடவில்லை என்றால் வேகவைத்த சோள வாசனை வரும்.

லாகர் மென்மையான பீர். குறையை ஒளித்துவைக்க அதில் இடமே இல்லை. ஆலைகளில் குளிரூட்டிய தொட்டிகள், ஆய்வுக்கூடம், வடிகட்டும் இயந்திரம் எல்லாம் இருக்கும். பல தொட்டிகளின் பீரைக் கலந்து ருசியைச் சமப்படுத்தவும் முடியும். சிலருக்கு அந்த ருசி சலிப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கேனிலும் அதே ருசியைக் கொண்டுவருவது சாதாரணத் திறமை இல்லை.

வீட்டில் லாகர்தான் வேண்டும் என்றால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்திய தனி ஃபிரிட்ஜ் தேவை. வீவக வீட்டில் அதற்கு இடம் கண்டுபிடிப்பது தனிக்கதை. இன்னொரு வழி, வெயிலோடு சமரசம் செய்துகொள்வது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட குவைக் என்னும் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக நொதிக்கும். அதில் வருவது லாகர் ஆகாது, ஆனால் நம் ஊர் சூட்டில் குடிக்கக்கூடிய பீராக வரும்.

வீட்டு பீர் எங்கே ஜெயிக்கிறது?

ஸ்டவுட்டில் நிலைமை வேறு. கருக வறுத்த பார்லியின் காப்பி, சாக்லேட் ருசி சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும். வீட்டுத் தயாரிப்பும் கடை போத்தலும் கிட்டத்தட்ட சமமாக நிற்பது இங்கேதான். ஆனால் கின்னஸ் டிராட் போன்ற பீரோடு ஒப்பிட்டு "நுரை வரலையே" என்று வருத்தப்பட வேண்டாம். பாலேடு போன்ற அந்த நுரை நைட்ரஜன் வாயுவால் வருவது. போத்தலில் சர்க்கரை போட்டு வாயு ஏற்றும் வீட்டு பீரில் அது வரவே வராது.

ஹாப்ஸ் மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ போன்ற வகைகளில் வீட்டு பீர் கடை பீரை மிஞ்சவும் முடியும். அந்த மணத்துக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கப்பலில் வாரக்கணக்கில் வந்து, கிடங்கில் காத்திருந்து, பிறகு பேரங்காடி அலமாரிக்கு வந்த கேனில் பாதி மணம் போயிருக்கும். சூடும் பட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாசனை எட்டிப் பார்க்கும். உங்கள் பீரோ இரண்டு வாரம் முன்பு செய்தது.

ஆனால் இங்கே ஒரு பிடி இருக்கிறது. பீருக்கு ஆக்சிஜன் எதிரி. ஆலைகள் போத்தலில் காற்று புகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வீட்டில் முடியாது. குழாய் வழியாக மாற்றும்போது சலசலவென்று ஊற்றினாலே போதும், சில வாரத்தில் நிறம் மங்கி மணமும் போய்விடும். ஆகவே ஹாப்ஸ் பீரைச் சேமித்து வைக்காதீர்கள். வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். பச்சை, வெள்ளை போத்தல்களில் வெயில் பட்டால் ஒரு கெட்ட நாற்றம் வரும். கடை பீருக்கும் இது பொருந்தும்.

மலிவா?

கடையில் வாங்கும் பீரின் விலையில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014இலிருந்து பீருக்கு உற்பத்தித் தீர்வை ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 330 மில்லிலிட்டர் கேன் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 99 காசு. அதற்கு மேல் பொருள் சேவை வரி. வீட்டு பீர் மூலப்பொருள் கணக்கில் மலிவாகத் தெரியலாம். ஃபிரிட்ஜ், பாத்திரம், மின்சாரம், ஒரு முழு சனிக்கிழமை எல்லாம் சேர்த்தால் காசு மிச்சம் பிடிக்க இது வழியில்லை.

நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

வீட்டுக்கு வந்த நண்பர் உங்கள் பீரைக் குடித்துவிட்டு "சூப்பர்" என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்வார்? நீங்களும் கஷ்டப்பட்டுச் செய்தது என்பதால் கொஞ்சம் சலுகை கொடுப்பீர்கள்.

அதனால் கண்ணை நம்பாதீர்கள். இரண்டு பீரும் ஒரே வகையாக, ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். கடை கேனின் தேதியைப் பாருங்கள். வீட்டு போத்தலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், அதைக் கலக்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே தெரியாத மூன்று குவளைகளில் வேறொருவர் ஊற்றட்டும். இரண்டில் ஒரு பீர், மூன்றாவதில் மற்றது. எது தனி என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு முறை சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறதே. 6 முறை செய்து 5 முறையாவது சரியாக வந்தால்தான் வித்தியாசம் உண்மை என்று நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமைய ஏறக்குறைய 2 விழுக்காடுதான் வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு போதும். ஆறு சுற்றுக்கும் முழுக் குவளை குடித்தால் கடைசியில் எல்லாமே ஒரே ருசிதான்.

போத்தல் வெடிக்குமா?

வெடிக்கும். ருசி கெட்டால் ஊற்றிவிடலாம், கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன செய்வது? கடை பீரைப் பொதுவாகச் சூடாக்கி அல்லது வடிகட்டி ஈஸ்ட்டை நீக்கிவிடுவார்கள். வீட்டு போத்தலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், சர்க்கரை கிடைக்கும்வரை வாயுவை உண்டாக்கிக்கொண்டே போகும். எனவே நொதித்தல் முடிந்ததா என்று குமிழியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடர்த்திமானியில் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டிய பிறகே போத்தலில் அடைக்க வேண்டும். லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும், அதையும் எடைபோட்டுச் சேருங்கள், கைக்கணக்கு வேண்டாம். வாயு அழுத்தம் தாங்கும் கனமான பீர் போத்தல்களையே பயன்படுத்துங்கள், சாஸ் போத்தலோ ஒயின் போத்தலோ கூடாது. வாயு ஏறும்வரை மூடியுள்ள பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு போத்தலைத் திறந்ததும் நுரை பீறிட்டால், மீதியை உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.