ஆளில்லாத பியானோவில் க்ளென் கூல்ட்

செத்துப்போய் கிட்டத்தட்ட 24 வருஷம் ஆன ஒருத்தர், 2006 செப்டம்பர்ல டொரண்டோவில் கச்சேரி பண்ணினார். பேய்க்கதை இல்லீங்க. மேடையில் ஒரு பெரிய யமாஹா பியானோ. முன்னால் யாரும் இல்லை. கட்டைகள் மட்டும் தானாக இறங்கி ஏறுகின்றன. கீழே ஜனங்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அரங்கத்தின் பெயரே க்ளென் கூல்ட் ஸ்டுடியோ. வாசித்தது பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், 1955-ல் கூல்ட் வாசித்த அதே வாசிப்பு. மைக் வைத்துப் பதிவு பண்ணி, 2007-ல் சோனி பிஎம்ஜி குறுந்தகடாக வெளியிட்டார்கள்.

இதை வெறும் தொழில்நுட்ப வித்தைன்னு ஒதுக்கிட முடியலை. ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழங்கதை.

தானாக வாசிக்கிற பியானோ நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. ஓட்டை போட்ட காகிதச் சுருள், காற்றை உறிஞ்சுற துருத்தி, ஓட்டை வந்த இடத்தில் கட்டை இறங்கும். சாதாரண பியானோலாவில் எந்த சுரம், எவ்வளவு நேரம்ங்கிறது மட்டும்தான் காகிதத்தில் இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் மிதிக்கிற ஆள் கையில்... சரி, காலில் :-)

1904-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஊர் வெல்டே கம்பெனி அடுத்த படிக்குப் போனது. வாசித்தவர் எங்கே அழுத்தினார், எங்கே மெதுவாகத் தொட்டார் என்பதையும் சேர்த்துப் பிடிக்கிற கருவி. அந்தக் காலத்து இசைத்தட்டில் பியானோ தகர டப்பா மாதிரி ஒலிக்கும், ஒரு பக்கம் சில நிமிஷம்தான் ஓடும். அதனால பெரிய ஆட்களெல்லாம் வெல்டேவிடம் வந்து வாசித்தார்கள். இசையமைப்பாளர் மாஹ்லர் 1905 நவம்பரில் லைப்ஸிக் நகரத்தில் நாலு சுருள் வாசித்தார். அவர் வாசிப்பென்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த நாலு சுருள் மட்டுமே.

ஒரு வாசிப்பைக் காகித ஓட்டையில் அடக்க முடியுமா? பியானோவில் ஓரளவுக்கு முடியும். கட்டையை அழுத்தினால் சுத்தியல் எகிறிப் போய்க் கம்பியை அடிக்கும். அடித்த கணத்தோடு விரலின் அதிகாரம் முடிஞ்சுது. பிறகு எப்போ கட்டையை விடுறோம், பெடலை எப்படி மிதிக்கிறோம், அவ்வளவுதான் பாக்கி. ஆக ஒரு சுரத்துக்கு நாலைந்து எண்கள் போதும். நம்ம வீணையை இப்படிப் பிடிக்க முடியாது. மீட்டின பிறகுதானே இடதுகை கம்பியை இழுத்து கமகமே பிறக்கிறது! சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் நடக்கிற சமாச்சாரத்தை நாலு எண்ணில் எப்படி எழுதுவீங்க?

யமாஹாவின் டிஸ்க்ளேவியர் இந்தப் பழைய யோசனையின் புது அவதாரம். காகிதத்துக்குப் பதில் கணினிக் கோப்பு, துருத்திக்குப் பதில் மின்காந்தம். கட்டை, சுத்தியல் அசைவை ஒளி உணரிகள் அளக்கும். சாதாரண மிடி கோப்பில் கட்டையின் வேகத்துக்கு 127 படிகள். டிஸ்க்ளேவியர் ப்ரோவில் 1024. மற்றபடி மரம், கம்பி, சுத்தியல் எல்லாம் நிஜப் பியானோ. 1993-ல் கெர்ஷ்வின் வாசித்த பழைய சுருள்களைக் கோப்பாக மாற்றி, டிஸ்க்ளேவியரில் ஓட்டித்தான் குறுந்தகடு போட்டார்கள்.

கூல்ட் விஷயத்தில் சுருள் கிடையாது. இருந்தது மோனோ டேப் மட்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த ஸென்ஃப் என்ற நிறுவனம் அந்த ஒலியிலிருந்தே ஒவ்வொரு சுரமும் எப்போ தொடங்கியது, எவ்வளவு வேகத்தில் அடிபட்டது, எப்போ விடப்பட்டது என்று மென்பொருளால் பிரித்தெடுத்தது. ரெண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற பாஹ் இசையில் இது சாமானிய வேலை இல்லை. ஆனா கூல்ட் 1955-ல் வாசித்தது ஸ்டைன்வே, வேற அறை, வேற மைக். டேப்பில் ஒரு சுரம் இவ்வளவு சத்தமாக இருக்கிறதென்றால் விரல் இவ்வளவு வேகத்தில்தான் போயிருக்கும் என்பது நல்ல கணிப்பு. அளவெடுத்ததாகாது.

இனிமேல்தான் எனக்கு நெருடுற இடம். கூல்ட் 1964-ல் கச்சேரி மேடையையே விட்டு விலகினவர். கச்சேரி என்ற வழக்கமே ஒருநாள் ஒழிந்துவிடும், ஒலிப்பதிவுதான் எதிர்காலம் என்று எழுதினவர். பலமுறை வாசித்து, நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டுவதைக் கலையாகவே பார்த்தவர். அந்த 1955 பதிவும் நியூயார்க்கில் பல நாள் எடுத்து ஒட்டினதுதான். அதாவது நாம் கேட்கிற வரிசையில் ஒரே மூச்சாக அந்த வாசிப்பு ஒருபோதும் நடக்கலை. முதன்முதலாக அதை ஒரே மூச்சில், ஜனங்கள் முன்னால் வாசித்தது டிஸ்க்ளேவியர்தான். மேடையை வெறுத்த மனுஷரை, அவர் மறுக்க முடியாத நிலையில் மேடையேத்தியாச்சு. எனக்கு இதில் பாதி சிரிப்பு, பாதி சங்கடம்.

இன்னொண்ணு, முனகல். கூல்ட் வாசிக்கும்போது கூடவே முனகிப் பாடுவார். ஒலிப்பதிவாளர்களுக்கு அது தலைவலி. ரசிகர்களுக்கு அது இல்லாமல் கூல்டே இல்லை. புதுப் பதிவில் அது சுத்தமாகக் கிடையாது. கட்டையின் வேகத்தைத் தேடுகிற மென்பொருளுக்கு தொண்டை வெறும் இரைச்சல்தானே.

மாஹ்லர் சுருளை நான் எவ்வளவு குறையோடும் ஏத்துக்குவேன், அவர் விஷயத்தில் நமக்கு வேறு கதியில்லை. கூல்டுக்கு அப்படி இல்லையே. மூல டேப் இருக்கு, அதில் மனுஷர் மூச்சே கேட்குது. அதனால 2007 குறுந்தகட்டை கூல்ட் பதிவுகளோட சேர்த்து வைக்க மனசு வரலை. பாஹ் நல்ல பியானோவில், நல்ல ஸ்டீரியோவில் வேணும்னா தாராளமா கேட்கலாம். கீழ்க்குரல் ஓட்டங்கள் மோனோவில் கேட்டதைவிட எனக்குத் தெளிவாகவே விழுந்தது.

அந்தத் தகட்டில் முழு இசையும் ரெண்டு தடவை இருக்கும். ரெண்டாவது பைனாரல் பதிவு. பியானோ வாசிக்கிறவர் தலை இருக்கவேண்டிய இடத்தில் மைக்குகளை வைத்துப் பிடித்தது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் தாழ்ந்த சுரங்கள் இடப்பக்கம், உச்ச சுரங்கள் வலப்பக்கம், கூல்ட் உட்கார்ந்த இடத்தில் நாமே உட்கார்ந்த மாதிரி. முதல் ஆரியாவை அப்படிக் கேட்டுட்டு, உடனே 1955 பதிவில் அதையே போட்டுப் பாருங்க. பியானோ கொஞ்சம் மங்கும், பின்னாலிருந்து அந்த முனகல் எட்டிப் பார்க்கும்.