பழைய புல்லட்டின் எண்ணெய்க் கசிவு

பழைய மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தை, அது போன பின்னரும் நாம் அறியலாம். தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கரிய வட்டம் கிடக்கும். எண்ணெய் ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்பது பட்டறைகளில் வழங்கும் கேலி. கேலியில் தவறில்லை. ஆனால் அக்கசிவின் காரணத்தைப் பிழைபட உணர்ந்தவர்களின் கையில் நல்ல எஞ்சின்கள் பல பாழாகியிருக்கின்றன.

தொடக்க நாட்களில் கசிவு ஒரு குறையாகவே கருதப்படவில்லை. ஓட்டுபவர் போகும்போதே கைப்பம்பை அழுத்திச் சிறிது எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்துவார். அது தன் பணியை முடித்து, ஒரு பகுதி புகையாகவும் மற்றொரு பகுதி சாலையில் சொட்டாகவும் போய்விடும். உட்சென்ற எண்ணெயை மீட்டு மீண்டும் சுற்றிவரச் செய்யும் பம்புகள் பரவிய பின்னரே வெளியே வரும் துளி குற்றமாயிற்று.

நம் நாட்டில் இக்கதை பெரிதும் புல்லட்டின் கதையே. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் உருவான அந்த வண்டியை இங்கேயே செய்யும் பொருட்டு, 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் என்பீல்டு இந்தியா தோன்றிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1960களில் ரெட்டிச்சில் புல்லட் நின்றுபோயிற்று. இங்கோ, அதே பழைய அமைப்பு இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை தொடர்ந்தது. ஆகவே 1950களின் எஞ்சினுக்குரிய நோய்களும் நம்மோடு நெடுங்காலம் வாழ்ந்தன.

அந்த எஞ்சினின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையவை. பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் 346 கன சென்டிமீட்டர் இடத்தைக் கீழுள்ள கிராங்க் கேஸில் அடைத்துக்கொள்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்று எனில், நொடிக்கு 50 முறை இவ்வாறு நிகழும். அங்குள்ள காற்று எங்கே போகும்? அதற்கென ஒரு மூச்சுக்குழாய் உண்டு. இங்குச் செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றில் அதன் முனையில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வாய் ஒன்று இருக்கும். காற்று வெளியேறத் திறக்கும். பிஸ்டன் ஏறுகையில் மூடிக்கொள்ளும். ரப்பர் கெட்டித்துப்போனாலோ குழாய் அடைபட்டாலோ அழுத்தம் வேறு வழி தேடுகிறது. வலுவற்ற இணைப்பு எதுவோ அங்கே எண்ணெய் பிதுங்கும். நாமோ இணைப்பைக் குறை கூறி, போல்ட்டை மேலும் மேலும் முறுக்கி, அலுமினியத்தின் மரையை அழித்துவிடுகிறோம். பசையை அள்ளிப் பூசுவோரும் உளர். உட்புறம் பிதுங்கிய பசை எண்ணெய் வழியை அடைத்து எஞ்சினையே பிடித்து நிறுத்திவிடக்கூடும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி தனியே இராது. கிராங்க் கேஸின் பின்புறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். வண்டி சில வாரங்கள் நின்றால், தேய்ந்த பம்பினூடே எண்ணெய் மெல்ல இறங்கி முன்னறையில் தேங்கும். அளவுகோலை எடுத்துப் பார்த்தவர் தொட்டி குறைந்ததாக எண்ணி மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடியதும் திருப்பும் பம்பு தேங்கியதைத் தொட்டிக்கே கொண்டுவரும். மிகுந்தது மூச்சுக்குழாய் வழியே கொட்டும். எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடான பின்னரே அளவு பார்க்கவேண்டும்.

இவ்விரண்டும் சரியெனில் மட்டுமே இணைப்புகளைத் தேடலாம். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுமாதலின், நனைந்த இடம் கசிந்த இடமாகாது. மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உலர்ந்த பின் முகப்பவுடரை மெல்லத் தூவி, ஒரு மைல் ஓட்டிப் பார்த்தால் முதற் கோடு எங்கே தோன்றிற்று என்பது தெரிந்துவிடும். மேலே ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் முனைகளை முதலில் பார்ப்பது நன்று. அங்குள்ள வாஷர் செம்பாயின், செந்நிறமாகும்வரை சுட்டு ஆறவிட்டால் மீண்டும் இளகிப் பொருந்தும். இடப்புறச் செயின் பெட்டியின் மூடியோ ஒரே நட்டில் நிற்பது. அதன் ரப்பர் வளையம் சுருங்கியிருந்தால் மாற்றவேண்டும். அப்பெட்டியின் எண்ணெய் நாம் ஊற்றாமலே ஏறிவருமானால், எஞ்சினின் எண்ணெய் அச்சின் ஓரமாக உள்ளே புகுகிறது; அப்போது மூடியைத் தொட்டுப் பயனில்லை.