எலும்புக்குச் சாரக்கட்டு

லுணுகலை மலைச்சரிவில் கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்குவோருக்குக் கால்களே முதல். முறிந்த எலும்பு கூடும். ஆயின் ஒரு துண்டு சிதைந்து நீங்கினால், அப்பெரிய இடைவெளியை உடல் தானாக நிரப்புவதில்லை.

அதை நிரப்ப முயன்ற வரலாறு நெடிது. 1892இல் ஜெர்மானிய வைத்தியர் திரேஸ்மன் எலும்புக் குழிகளில் பாரிஸ் சாந்தை இட்டார். 1969இல் அமெரிக்கரான லாரி ஹெஞ்ச், எலும்புடன் பிணையும் கண்ணாடியைக் கண்டார். இலங்கையில் கண்தான இயக்கம் கண்ட மருத்துவர் ஹட்சன் சில்வாவின் முயற்சியால், 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கி தோன்றியது. இறந்தோர் ஈந்த எலும்பு இருப்போருக்கு உதவலாயிற்று.

ஆனால் எலும்பு ஒரே பொருளன்று. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதநார் வளைந்து கொடுக்கும்; கல்சியம் பொஸ்பேற்று உறுதி தரும். கனிமம் மட்டுமெனில் நொறுங்கும். நார் மட்டுமெனில் தளரும். இவ்வுண்மையைப் பின்பற்றியே கனிமமும் நாரும் கலந்த நுண்துளைச் சாரக்கட்டுகள் ஆக்கப்படுகின்றன. துளைகளில் உயிரணுக்கள் குடியேறிப் புதிய எலும்பை வளர்க்க, சாரக்கட்டு மெல்லக் கரைகிறது. சுவர் எழுந்தபின் கொத்தனார் மரங்களை அவிழ்ப்பதைப் போல.

ஆயினும், உடற்பாரம் தாங்கும் காலெலும்பின் அகன்ற இடைவெளிக்கு, நோயாளியின் சொந்த எலும்பை எடுத்து ஒட்டுவது இன்றும் முதன்மையான வழிகளுள் ஒன்று. மனிதன் இயற்கையிடம் கற்க வேண்டிய பாடம் இன்னும் எஞ்சியுள்ளது.