அறுபத்தொன்றாம் நம்பர் சீட்

ஏசி சேர் காரில் சன்னலோர சீட் என்று ஆசையாகப் பதிவு செய்திருப்போம். ஏறி உட்கார்ந்து பார்த்தால் பக்கத்தில் சன்னல் இருக்காது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள சுவர்தான் தோளில் இடிக்கும். முன்சீட்டுக்காரர் வயலும் வரப்பும் பார்த்துக்கொண்டு வருவார்; நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம். காசு என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் பாரிஸ் போகும் யூரோஸ்டாரிலும் இதே தொல்லை உண்டு. அந்த ரயிலின் பழைய முதல் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றில் மட்டும் 61-ஆம் நம்பர் சீட் கச்சிதமாகச் சன்னலுக்கு நேரே அமைந்திருந்தது. எதிரெதிரே இரண்டு ஒற்றை இருக்கைகள், நடுவில் ஒரு மேசை, பக்கத்தில் முழுச் சன்னல். மார்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் எப்போதும் அந்த இடத்தைத்தான் கேட்டு வாங்குவார். மராகேஷ், இஸ்தான்புல், டமாஸ்கஸ், விளாதிவோஸ்தோக், நாகசாகி என்று அவர் போன நெடும் பயணங்கள் அந்தச் சீட்டில்தான் தொடங்கின. 2001-இல் அவர் தொடங்கிய இணையதளத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது சீட் நம்பரையே வைத்துவிட்டார்: தி மேன் இன் சீட் சிக்ஸ்டி ஒன்.

அவர் கணினிக்காரர் அல்ல, ரயில்காரர். 1990-களில் லண்டனின் சேரிங் கிராஸ், லண்டன் பிரிட்ஜ், கேனன் ஸ்ட்ரீட் நிலையங்களுக்கு மேலாளராக இருந்தவர். பிறகு ரயில் கட்டணங்களைக் கவனிக்கும் அரசுப் பணிக்கு வந்தார். ஒரு நாள் மேரிலபோன் நிலையத்தில், வீட்டுக்குப் போகும் ரயிலில் படிக்க ஏதாவது வாங்கலாம் என்று புத்தகக் கடையைத் துழாவியபோது, இணையப் பக்கம் எழுதுவது எப்படி என்ற சின்னப் புத்தகம் கையில் கிடைத்தது. விலை 2.95 பவுண்டு. அதை வைத்துப் பழகி எழுதியதுதான் முதல் பக்கம். முதலீடு என்று சொன்னால் அவ்வளவுதான்.

எழுதத் தூண்டியது ஓர் எரிச்சல். லண்டனிலிருந்து ஐரோப்பாவின் எந்த மூலைக்கும் ரயிலில் போய்விடலாம். ஆனால் எப்படிப் போவது என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் தண்டவாளத்துக்கு மட்டும் டிக்கெட் விற்கும். எல்லை தாண்டினால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று கைவிரிக்கும். பயண முகவரோ, விமான டிக்கெட் போட்டுத் தருகிறேனே என்பார்.

கால அட்டவணைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பிராட்ஷா என்ற ரயில் அட்டவணைப் புத்தகம் 1839-லேயே வந்துவிட்டது. 80 நாளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஃபிலியஸ் ஃபாக்கின் கக்கத்திலும் ஜூல்ஸ் வெர்ன் ஒரு பிராட்ஷாவைத்தான் செருகி அனுப்புகிறார். தாமஸ் குக் நிறுவனத்தின் ஐரோப்பிய அட்டவணை 1873-இல் தொடங்கியது. எறும்பு ஊர்ந்த மாதிரி எண்களும் அடிக்குறிப்புகளுமாக இருக்கும் அந்தப் புத்தகங்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஐரோப்பாவே கைக்குள். ஆனால் டிக்கெட்டை எங்கே வாங்குவது, வாங்கிய பெட்டி எப்படி இருக்கும், இரவில் அதில் தூங்க முடியுமா என்பதை எல்லாம் அவை சொல்லா.

ஸ்மித் அதைத்தான் சொன்னார். விவரம் தெரிந்த கவுண்டர் ஊழியர் ஒருவர், வரிசையில் வேறு ஆளில்லாத நேரத்தில் சாவகாசமாகச் சொல்வது போலச் சொன்னார். ஒரு உதாரணம். லண்டனிலிருந்து வரும் ரயில் பாரிஸில் கார் து நார் நிலையத்தில் கொண்டு விடும். தெற்கே போகும் ரயில் புறப்படுவதோ கார் து லியோனில். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் டெல்லி ரயில் பிடிக்கிற கதைதான். புதிதாகப் போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும் இடம் அது. ஆர்இஆர் டி ரயிலில் ஏறி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் போதும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த மலை கடுகாகிவிடுகிறது. பெட்டிக்குள் படுக்கை பகலில் எப்படி மடங்கியிருக்கும், இரவில் எப்படி விரியும் என்று படமும் போடுகிறார். இவையெல்லாம் போய்வந்தவனுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள். கூட்டத்தைச் சேர்த்து எழுத வைத்த பயணத் தளங்கள் எத்தனையோ வந்தன. ஒரே ஆள் பொறுப்பேற்று எழுதிய இதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

பொழுதுபோக்காகத் தொடங்கியது, 2007-இல் அவர் வேலையை விட்டு முழுநேரமும் இதில் இறங்கும் அளவுக்கு வளர்ந்தது. டிக்கெட் விற்கும் தளங்களுக்கு ஆள் அனுப்பி வைப்பதற்கான கமிஷன்தான் முக்கிய வருமானம். நடுவே 2013-இல் தாமஸ் குக் தன் அட்டவணையைக் கைவிட்டது. அதைத் தயாரித்தவர்களில் சிலரே அடுத்த ஆண்டு தனியாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவோடு நிற்காமல் தளம் நம் பக்கமும் வந்தது. ஆர்ஏசி என்றால் என்ன, வெயிட்டிங் லிஸ்ட் எப்படி நகரும் என்று ஓர் ஆங்கிலேயர் ஆங்கிலேயருக்கு விளக்குவதைப் படிப்பதே தனிச் சுகம். ஒரே படுக்கையில் முன்பின் தெரியாத இருவர் இரவெல்லாம் உட்கார்ந்து போகும் ஏற்பாட்டை, தாய்ப்பாலோடு பழகிய நாம் யாரிடமும் விளக்க முயன்றதில்லை அல்லவா?

இலங்கைக்கும் பக்கம் உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போகும் வாய்ப்பு அமைந்தால், போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான்.