பெயர்த்தகடும் உள்விட்டமும்: ரேடியல் எஞ்சினின் பிறப்பிடத்தை எப்படி அறிவது?

அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பதினான்கு சிலிண்டர் ரேடியல் எஞ்சினைப் படம் எடுத்து அனுப்பிய மாணவர் ஒருவர், "விளக்க அட்டையில் 'சோவியத் எஞ்சின்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், அது போதுமா?" என்று கேட்டிருந்தார். தனியே அவருக்கு எழுதத் தொடங்கிய விடை நீண்டுவிட்டதால் இங்கே பதிகிறேன்.

செப்பேடு ஒன்று கைக்கு வந்தால், அது இன்ன மன்னன் வெளியிட்டது என்று அதுவே சொல்லிக்கொள்வதை நாம் உடனே ஏற்பதில்லை. எழுத்தின் வடிவம், ஆண்டுக் குறிப்பு, முத்திரை ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே ஏற்கிறோம். எஞ்சினின் பெயர்த்தகடும் அத்தகைய ஆவணமே. அதைக் கழற்றி வேறொன்றில் பொருத்த முடியும். பழுதுபார்ப்பின்போது புதிதாக அடித்துவிடவும் முடியும். ஆனால் சிலிண்டரின் உள்விட்டத்தையும் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் வீச்சையும் அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. அவற்றை மாற்றினால் ஆலையின் அச்சுகள், கருவிகள், அளவுமானிகள் அனைத்தும் மாற வேண்டும்.

அமெரிக்காவின் ரைட் நிறுவனம் தன் 'சைக்ளோன்' ஆர்-1820 எஞ்சினுக்கு 6⅛ அங்குல உள்விட்டமும் 6⅞ அங்குல வீச்சும் வைத்தது. மில்லிமீட்டரில் இவை 155.575, 174.625 ஆகும். 1930களின் முற்பகுதியில் சோவியத் ஒன்றியம் இதற்கு உரிமம் பெற்றது. பெர்ம் நகர ஆலையில் அர்க்காதி ஷ்வெத்சோவ் தலைமையில் எம்-25 என்ற பெயரில் உற்பத்தி தொடங்கியது. அதன் வழியில் வந்த ஏஎஷ்-62 எஞ்சினின் அளவுகள் 155.5 × 174.5. மீட்டர் அளவையில் பயின்ற பொறியாளர் வெற்றுத்தாளில் தொடங்கியிருந்தால் 155 என்றோ 160 என்றோ வைத்திருப்பார். அந்த அரை மில்லிமீட்டர் அங்குலத்தின் எச்சம்.

மாணவரின் எஞ்சினுக்கு வருவோம். அது மி-4 ஹெலிகாப்டரில் இயங்கிய ஏஎஷ்-82 வகை. ஷ்வெத்சோவ் இதில் சிலிண்டர்களை இரண்டு வரிசையாக்கி, வீச்சை 155 மில்லிமீட்டராகக் குறைத்தார். ஆனால் உள்விட்டம் அதே 155.5 ஆகவே நின்றது. நம் விமானப்படையின் மி-4 ஹெலிகாப்டர்களும் இல்யூஷின்-14 விமானங்களும் இந்தக் குடும்பத்து எஞ்சின்களால் பறந்தவை. ஆகவே அந்த விளக்க அட்டை பொய்யில்லை; பாதி உண்மை. இரட்டை வரிசை அமைப்பும் குறைந்த வீச்சும் பெர்மில் உருவான வடிவமைப்பு. உள்விட்டம் மட்டும் அமெரிக்க மரபு. 'நகல்' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் தவறு, 'முழுச் சுதேசி' என்பதும் தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 132 எஞ்சினுக்கும் உள்விட்டம் 155.5 தான். அதை வைத்து அதுவும் சைக்ளோன் வழி என்று முடிவு கட்டினால் வழுக்கி விழுவோம். அதன் வீச்சு 162. அதாவது 6⅜ அங்குலம். அது பிராட் அண்ட் விட்னியின் 'ஹார்னெட்' அளவு. பிராட் அண்ட் விட்னியின் விமான எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய ரென்ஷ்லர் அதற்கு முன் ரைட் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் என்பதையும் நினைவில் கொள்க. ஒற்றைச் சான்றை நம்பக்கூடாது என்று கல்வெட்டு வகுப்பில் சொல்வது இங்கும் பொருந்தும். பிரிட்டனின் 'ஜூபிடர்' எஞ்சினுடைய 146 மில்லிமீட்டர் உள்விட்டம் பிரான்சின் நோம்-ரோன் வழியாக சோவியத் எம்-85 வரை சென்றது தனிக்கதை.

பிறப்பிடம் என்பதிலும் இரண்டு உண்டு: வடிவமைத்த இடம், செய்த இடம். பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830 எஞ்சின் 1,73,000-க்கும் மேல் உற்பத்தியானது; அதில் 74,000-க்கும் மேற்பட்டவை கார் நிறுவனமான பியூக் செய்தவை. போர் முடிந்தபின் கான்பூரில் சேதப்படுத்திக் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பொறியாளர்கள் சீர்செய்து பெங்களூருக்குக் கொண்டு சென்றார்களே, அவற்றை இயக்கியதும் இந்த ஆர்-1830 தான். 1968 வரை அவை பணியில் இருந்தன. அத்தகைய எஞ்சினில் யார் செய்தது என்பதை அளவு சொல்லாது. அங்கே தகடும் வரிசை எண்ணும்தான் துணை.

தரத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். புகழ்பெற்ற பெயரோ ஆய்வாளரின் முத்திரையோ தரத்துக்கு உறுதியன்று. ஒஹையோ மாநிலத்தின் லாக்லேண்டில் இருந்த ரைட் ஆலை குறைபாடுள்ள எஞ்சின்களை ராணுவத்துக்கு அனுப்பியதாக 1943-இல் ட்ரூமன் குழு குற்றம் சாட்டியது. மறு ஆண்டு ராணுவ ஆய்வு அதிகாரிகள் சிலர் கடமை தவறியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். அந்த எஞ்சின்களை நம்பி ஏறியவர்கள் இருபது வயது இளைஞர்கள்.

ஆகவே உலோகத்தையே பாருங்கள். குளிர்விக்கும் விளிம்புகள் எவ்வளவு நெருக்கமாகவும் ஆழமாகவும் இருக்கின்றனவோ, அவ்வளவு தேர்ந்த வார்ப்புத் திறன் அந்த ஆலைக்கு இருந்தது. அமெரிக்க வழக்கில், சிலிண்டரின் அடியில் ஆரஞ்சுப் பட்டை இருந்தால் உட்சுவருக்குக் குரோமியம் பூசியிருக்கிறார்கள். நீலம் என்றால் நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கியது. பச்சை என்றால் தேய்மானத்தால் துளையை அகலப்படுத்தியது. ஒரே எஞ்சினில் மூன்று நிறமும் தென்பட்டால், அதன் சிலிண்டர்கள் வெவ்வேறு காலத்தில் மாற்றப்பட்டவை என்று பொருள். கீழ்ப்பக்கச் சிலிண்டர்களைத் தனியே கவனியுங்கள். நிறுத்தி வைத்த எஞ்சினில் எண்ணெய் வடிந்து அங்கேதான் தேங்கும், அதை வடிக்காமல் இயக்கினால் இணைப்புக்கோல் வளைந்துவிடும்.

அடுத்த முறை செல்லும்போது படத்தோடு அளவுநாடாவும் கொண்டு செல்லும்படி அந்த மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். காப்பாளரின் அனுமதி பெற்ற பிறகு, நிச்சயமாக.